வார இறுதியா, வாரம் மாற்றி வாரமா? பிரிந்த பெற்றோருக்கு முன்னால் இருக்கும் கஸ்டடி ஏற்பாடுகள்

விவாகரத்து வழக்கில் ‘கஸ்டடி யாருக்கு’ என்ற சண்டைக்கே பணமும் வருடங்களும் கரைகின்றன. உத்தரவு கைக்கு வந்த மறுநாள் எழும் கேள்விகளோ வேறு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி வாசலில் யார் நிற்பது? கணக்கு நோட்டு எந்த வீட்டில் கிடக்கிறது? இந்த வருடம் தீபாவளி எண்ணெய்க் குளியல் யார் வீட்டில்? ‘தனி கஸ்டடி’ என்று எழுதிய ஓர் உத்தரவில் மற்றவருக்கு வருடத்தில் ஓர் இரவுகூட இல்லாமல் இருக்கலாம். அதே பெயரில் இன்னொரு உத்தரவில் 130 இரவுகள் இருக்கலாம். ஆகவே பெயரை விட்டுவிட்டு இரவுகளையும், பிள்ளை ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குப் போகும் கைமாற்றங்களையும், ஒரு பெற்றோரைப் பார்க்காமல் பிள்ளை தொடர்ந்து கழிக்கும் நாட்களையும் எண்ணிப் பார்ப்பதுதான் சரியான ஒப்பீடு. தமிழ்நாட்டுக் குடும்ப நல நீதிமன்றங்களில் நடைமுறையில் இருக்கும் ஏற்பாடுகளையும், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் சாத்தியமாகிற ஏற்பாடுகளையும் அந்தக் கணக்கில் பார்க்கலாம்.

சட்டம் முடிவு செய்திருப்பது கொஞ்சம்தான்

இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் பொருந்தும். அதன் 6-ஆவது பிரிவின்படி 5 வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும். 13-ஆவது பிரிவு, குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. தந்தை உயிரோடு இருந்தாலும், பிள்ளையின் பொறுப்பை அவர் ஏற்காத நிலையில் தாயே இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம் என்று 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டமும், சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மணந்தவர்களுக்கு அதன் 38-ஆவது பிரிவும் உண்டு. முஸ்லிம்களில் ஹனஃபி மரபில் மகன் 7 வயது வரையும் மகள் பருவமடையும் வரையும் தாயிடம் இருப்பது முறை. எந்த மதமானாலும், வழக்கு 1890-ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் கீழ் வரும்போது நீதிபதி கடைசியில் எடை போடுவது நலனைத்தான்.

சொந்தக்காரர்கள் சொல்லும் சட்டம் இதிலிருந்து ரொம்ப தூரம். ‘அஞ்சு வயசு முடிஞ்சா அப்பாவுக்கு’ என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ‘பையன் அப்பாவுக்கு, பொண்ணு அம்மாவுக்கு’ என்பதும் இல்லை. சம்பளம் அதிகம் இருப்பவருக்குத்தான் பிள்ளை என்பதும் இல்லை. பணம் குறைந்தவருக்கு ஜீவனாம்சம் வாங்கித் தரச் சட்டத்தில் வழி இருக்கிறது. பிள்ளையின் விருப்பத்தைப் பற்றி 1890 சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்வது, விவரத்தோடு விருப்பம் சொல்லும் அளவுக்கு வளர்ந்திருந்தால் நீதிமன்றம் அதையும் கருத்தில் எடுக்கலாம் என்பது மட்டுமே. வயது இத்தனை என்று குறிப்பு கிடையாது. நீதிபதி பிள்ளையைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசுவார். வக்கீல் நோட்டீஸில் இருக்கும் வாக்கியங்கள் எட்டு வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து வந்தால், சொல்லிக் கொடுத்தது யார் என்று அவருக்கு உடனே விளங்கிவிடும். அது சொல்லிக் கொடுத்தவருக்கு எதிராகத்தான் திரும்பும். ஒரு பெற்றோரைப் பற்றிப் பிள்ளையின் மனத்தில் விஷம் ஏற்றுவதால் வரும் கெடுதியை 2017-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கஸ்டடி தீர்ப்பில் விரிவாகவே பேசியிருக்கிறது.

இன்னொரு வேறுபாட்டையும் மனத்தில் வைக்க வேண்டும். பிள்ளை யார் வீட்டில் தூங்குகிறது என்பது கஸ்டடி. பள்ளி, அறுவை சிகிச்சை, பாஸ்போர்ட், பிள்ளை பெயரில் இருக்கும் சொத்து ஆகியவற்றை யார் முடிவு செய்வது என்பது காப்பாளர் பொறுப்பு. இவை இரண்டும் ஒருவரிடமே இருக்க வேண்டியதில்லை. வீடு ஒன்று, முக்கிய முடிவுகள் இருவர் சேர்ந்து என்ற கலவைதான் பல குடும்பங்களுக்குப் பொருந்தும். வழக்கின் சூட்டில் அது பேச்சுக்கே வருவதில்லை.

மணிக்கணக்குச் சந்திப்பு

இடைக்கால மனுவில் முதலில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான்: வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், நீதிமன்ற வளாகத்திலோ பூங்காவிலோ கோயிலிலோ. சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் குடும்ப நல நீதிமன்றத்தில் இதற்கென்று குழந்தைகள் மையம் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால் வருடத்துக்கு 104 மணி நேரம். கூட்டிப் பார்த்தால் நாலு நாளுக்குச் சற்று அதிகம். அதில் பிள்ளை அழுது அடங்குவதற்கே அரை மணி போகும்.

வன்முறை, குடி, மனநலச் சிக்கல், பாலியல் புகார் போன்றவை நிஜமாகவே இருக்கும் இடத்தில் இது ஒன்றுதான் ஏற்ற வழி. அங்கே மற்ற ஏற்பாடுகளை யோசிக்கவே கூடாது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட், பிள்ளைக்குக் கெடுதி வரும் என்று கண்டால் சந்திப்பையே மறுக்கலாம். அப்பாவை ஆறு மாதமாகப் பார்க்காத கைக்குழந்தைக்கும் தொடக்கத்தில் இது தேவை. முகம் பழகாமல் இரவு தங்க அனுப்ப முடியாது.

மற்ற குடும்பங்களில் இது ஒரு பொறி. ‘இடைக்காலம்’ என்று போட்ட உத்தரவு வாய்தா மேல் வாய்தாவாக இரண்டு வருடம் ஓடிவிடும். அதற்குள் ‘பிள்ளைக்கு அவரோடு ஒட்டுதல் இல்லை’ என்பதே எதிர்த்தரப்பின் வாதமாகிவிடும். ஒட்டுதல் வளர இடமே தராமல் வைத்திருந்த ஏற்பாடு அது என்பதை எடுத்துச் சொல்ல அப்போது இன்னொரு மனு தேவைப்படும். ஆகவே மணிக்கணக்குச் சந்திப்பைக் கேட்கும்போதே, ஒத்துக்கொள்ளும்போதே, படிகளாக எழுதச் சொல்லுங்கள்: முதல் 8 வாரம் இரண்டு மணி நேரம், அடுத்த 8 வாரம் சனிக்கிழமை காலை 10 முதல் மாலை 5 வரை, அதன் பிறகு ஓர் இரவு.

இடத்தை யார் வசதிக்கு வைப்பது என்பதில் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு தமிழ்நாட்டு வழக்கு பயன்படும். தாயும் 2 வயது மகளும் மதுரையில்; தந்தை பார்க்க வேண்டிய இடம் கரூர் என்று கீழே உத்தரவாகியிருந்தது. ஞாயிறுதோறும் 300 கிலோமீட்டர் அந்தக் குழந்தையை அலைக்கழிப்பது நலனாகாது என்று சொல்லி, சந்திப்பை மதுரைக்கே மாற்றினார்கள். தாய் சற்றுத் தள்ளி உடனிருக்கலாம் என்றார்கள். பயணம் பெரியவரின் வேலை என்பதே அதன் சாரம்.

ஒரு வீடு, ஒன்று விட்டு ஒரு வார இறுதி

இதுதான் பொதுவாக எழுதப்படும் ஏற்பாடு. வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை: வருடத்துக்கு 52 இரவுகள். கோடை விடுமுறையில் பாதியும் காலாண்டு, அரையாண்டு, பொங்கல் விடுமுறைகளில் பாதியும் சேர்ந்தால் 70, 75 வரை போகும். இரண்டு வாரத்தில் கைமாற்றம் இரண்டு. ஆனால் ஞாயிறு மாலை விட்டுப் போனவரைப் பிள்ளை அடுத்துப் பார்ப்பது 12 நாள் கழித்து. பத்து வயதுப் பிள்ளைக்கு அது தாங்கும். மூன்று வயதுக் குழந்தைக்கு 12 நாள் என்பது ரொம்ப நீளம்.

வேறு குறையும் இருக்கிறது. வார இறுதிப் பெற்றோர் மால், பீட்சா, கடற்கரை என்று ‘ஜாலி’ ஆளாகிவிடுவார். வீட்டுப்பாடம், பல் தேய்ப்பு, காய்ச்சல் எல்லாம் மற்றவர் தலையில். ஞாயிறு ராத்திரி தூக்கக் கலக்கத்தோடு திரும்பும் பிள்ளை திங்கட்கிழமை வகுப்பில் தூங்குகிறது என்பதில் சண்டை தொடங்கும்.

நீட்டிய வார இறுதியும் புதன் இரவும்

மேலே சொன்னதில் இரண்டு சிறு மாற்றங்கள் செய்தால் கதையே மாறுகிறது. முதலாவது, ஞாயிறு மாலை திரும்ப விடுவதற்குப் பதிலாகத் திங்கள் காலை நேராகப் பள்ளியில் விடுவது. இரண்டாவது, ஒவ்வொரு வாரமும் புதன்கிழமை பள்ளி விட்டதிலிருந்து வியாழன் காலை பள்ளி வரை. இரவுகள் 78 + 52 = 130. பார்க்காத நீண்ட இடைவெளி 12 நாளிலிருந்து 6 நாளாகிறது. வீட்டுப்பாடமும் டிபன் பாக்ஸும் இரண்டு பேருக்கும் வேலையாகின்றன.

இதன் இன்னொரு லாபத்தை வழக்கு முடிந்த பிறகுதான் பலர் உணர்கிறார்கள்: பள்ளி நாட்களில் பிள்ளை கைமாறுவது பள்ளி வாசலில். ஒருவர் விடுகிறார், மற்றவர் கூட்டிப் போகிறார். இருவரும் நேருக்கு நேர் நிற்பதே இல்லை. படிக்கட்டில் நின்று மாமியார் என்ன சொன்னார், பாக்கி எவ்வளவு என்று குரல் உயர்வதற்கு இடமில்லை. ஒரே ஊரில், பள்ளியிலிருந்து முக்கால் மணி தூரத்துக்குள் இரண்டு வீடும் இருந்து, பிள்ளைக்கு 5 வயது தாண்டியிருந்தால் எடுத்த எடுப்பில் இதைக் கேட்பதுதான் எங்கள் பரிந்துரை. வாரம் மாற்றி வாரம் என்று கேட்டு இழுபறியில் போவதைவிட, இதில் எதிர்த்தரப்பு சம்மதிக்கும் வாய்ப்பும் அதிகம்.

இதற்கும் தயாரிப்பு வேண்டும். உத்தரவின் நகலோடு தலைமை ஆசிரியருக்குக் கடிதம் கொடுத்து, கூட்டிச் செல்லும் பதிவேட்டில் இருவர் பெயரும் புகைப்படமும் ஏற்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் புதன்கிழமையே வாட்ச்மேன் அனுப்ப மாட்டார். பள்ளி வேன் ஒரே வழியில்தான் போகும்; இரண்டாவது நிறுத்தத்துக்கு அவர்கள் ஒத்துக்கொள்வது அரிது, அந்த நாட்களில் சொந்த வண்டிதான். பாடப்புத்தகம் இரண்டு செட் வாங்கிவிடுங்கள். சமச்சீர் பாடப்புத்தகம் என்றால் பெரிய செலவில்லை. சீருடை, ஷூ, மூக்குக்கண்ணாடியின் உபரி, இன்ஹேலர் போன்ற மருந்து எல்லாம் இரண்டு வீட்டிலும் இருக்க வேண்டும். நோட்டு மட்டும் பையோடு போய்வரும். பையைத் தவிர வேறெதையும் சுமந்து போகாத பிள்ளைக்குத்தான் இரண்டு வீடும் வீடாக இருக்கும்.

சரிபாதி: வாரம் மாற்றி, இரண்டு-இரண்டு-மூன்று

கூட்டு கஸ்டடி என்றதும் எல்லோர் மனத்திலும் வருவது இது. வகைகள் மூன்று. வாரம் மாற்றி வாரம்: இரண்டு வாரத்தில் கைமாற்றம் 2, நீண்ட இடைவெளி 7 நாள். இரண்டு-இரண்டு-ஐந்து-ஐந்து (திங்கள், செவ்வாய் எப்போதும் ஒருவர், புதன், வியாழன் எப்போதும் மற்றவர், வெள்ளி முதல் ஞாயிறு மாற்றி மாற்றி): கைமாற்றம் 4, இடைவெளி 5 நாள். இரண்டு-இரண்டு-மூன்று (இரண்டு நாள் ஒருவர், இரண்டு நாள் மற்றவர், மூன்று நாள் மீண்டும் முதலாமவர், அடுத்த வாரம் மாற்றி): கைமாற்றம் 6, இடைவெளி 3 நாள். இடைவெளி குறையக் குறையக் கைமாற்றம் கூடும். சின்னக் குழந்தைக்கு நீண்ட இடைவெளி ஆகாது, பெரிய பிள்ளைக்கு அடிக்கடி மாறுவது ஆகாது. அதனால் மழலை வகுப்பில் இரண்டு-இரண்டு-மூன்று, ஆறாம் வகுப்பு தாண்டினால் வாரம் மாற்றி வாரம் என்று போவதுதான் பொருத்தம். நடுவில் இருப்பவர்களுக்கு ஐந்து-ஐந்து வகை நல்லது; எந்தக் கிழமை யார் வீடு என்பது நிலையாக இருப்பதால் டியூஷன், நீச்சல், பாட்டு வகுப்பைத் திட்டமிட முடியும்.

சரிபாதியைக் கெடுப்பது பெரும்பாலும் தூரம். அம்மா வேளச்சேரியில், அப்பா அம்பத்தூரில், பள்ளி அடையாறில் என்றால் அப்பாவின் வாரத்தில் பிள்ளை விடிவதற்குள் எழுந்து வண்டியில் தூங்கும். ஒரு பருவம் ஓடும். அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்ணைக் காட்டி மாற்ற மனு வரும். தூரத்துக்கு அடுத்தது பேச்சு. வாரம் மாற்றி வாரம் ஓட, காய்ச்சல் மருந்து கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று ஒரு வரி வாட்ஸ்ஆப்பில் மரியாதையாக எழுதும் அளவுக்காவது உறவு வேண்டும். அது இல்லாதவர்களுக்கு நீதிமன்றம் சரிபாதி கொடுத்தாலும் நிற்காது.

மூன்றாவதாக ஒரு கேள்வியை நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்: உங்கள் வாரத்தில் பிள்ளையைப் பார்ப்பது நீங்களா, உங்கள் அம்மாவா? இரவு ஷிப்ட் வேலையில் இருந்துகொண்டு சரிபாதி கேட்டால், நடைமுறையில் அது தாய்க்கும் பாட்டிக்கும் இடையே பங்கு போடுவதாகிவிடும். நீதிபதியும் இதைக் கேட்பார். பாட்டி இருப்பது பலம்தான்; பாட்டி மட்டுமே இருப்பது பலவீனம்.

2015-இல் மத்திய சட்ட ஆணையம் தன் 257-ஆவது அறிக்கையில் கூட்டு கஸ்டடியைச் சட்டத்தில் சேர்க்கவும், பெற்றோர் திட்டம் எழுதித் தருவதற்கான வழிமுறைகளைக் கொண்டுவரவும் பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை. ஆனால் தடையும் எங்கும் இல்லை. இருவரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் நீதிமன்றம் ஏற்கலாம்.

அரையாண்டு, பள்ளிக் காலம், விடுமுறை

2013-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் 12 வயது மகனின் வழக்கில் ஜனவரி முதல் ஜூன் வரை தந்தையிடம், ஜூலை முதல் டிசம்பர் வரை தாயிடம் என்று பிரித்தது. செலவு இருவருக்கும் பாதிப்பாதி. வார இறுதியில் மற்றவர் பார்க்கலாம். ஒரே ஊரில் ஒரே பள்ளி தொடரும்போதுதான் இப்படிப் பிரிக்க முடியும். ஊர் மாறினால் கல்வியாண்டின் நடுவில் பள்ளி மாற்றுவது யாருக்கும் ஆகாது.

வேறு வேறு ஊர் என்றால், ஒருவர் கோயம்புத்தூர், மற்றவர் சென்னை என்று வைத்துக்கொள்ளுங்கள், பள்ளிக் காலம் ஒருவரிடம், விடுமுறையின் பெரும்பகுதி மற்றவரிடம் என்பதே எஞ்சும் வழி. இங்கே பாதி விடுமுறை என்று ஒத்துக்கொள்வது கஞ்சத்தனம். வருடம் முழுக்கப் பார்க்காதவருக்குக் கோடையில் மூன்றில் இரண்டு பங்காவது வேண்டும். நடுவில் மாதம் ஒரு முறை அவரே பிள்ளையின் ஊருக்கு வந்து வார இறுதியைக் கழிப்பதும், தினசரி வீடியோ அழைப்பும் இருக்க வேண்டும். கஸ்டடி இல்லாத பெற்றோர் தினமும் 5 முதல் 10 நிமிடம் பிள்ளையோடு பேச உரிமை உள்ளவர், அதற்கு வீடியோ அழைப்பே நல்லது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நேரத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ‘இரவு 7.30’ என்றால் நடக்கும். ‘வசதிப்பட்டபோது’ என்றால் நடக்காது.

பிள்ளை ஒரே வீட்டில் இருக்க, பெற்றோர் மாறி மாறி வந்து தங்குவது என்றொரு முறை வெளிநாடுகளில் உண்டு. மூன்று வீட்டு வாடகை கட்ட முடிந்தால் யோசிக்கலாம். ஹாஸ்டலைப் பற்றிச் சொல்ல ஒன்றே ஒன்றுதான்: இருவரும் மற்றவரிடம் போகக் கூடாது என்பதற்காகப் பிள்ளையை ஹாஸ்டலில் விடுவதை ஏற்பாடு என்று அழைக்க முடியாது.

எந்தக் கதவைத் தட்டுவது

பரஸ்பர சம்மத விவாகரத்துதான் வேகமானது. இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவில், ஓராண்டு பிரிந்து வாழ்ந்த பிறகு மனு. இரண்டாவது முறை நீதிமன்றத்தில் ஆஜராவதற்கு 6 மாத இடைவெளி. அந்த 6 மாதத்தைத் தக்க காரணம் இருந்தால் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கஸ்டடி நிபந்தனைகள் அந்த மனுவிலேயே வந்துவிடும். ஆபத்தும் அங்கேதான். எல்லோரும் சீதனப் பட்டியலையும் ஜீவனாம்சத் தொகையையும் பத்து முறை திருத்துவார்கள். பிள்ளைக்கு ‘இரு தரப்பினரும் வசதிப்படி சந்தித்துக்கொள்ள வேண்டியது’ என்று ஒரே வரி. அந்த ஒரு வரிதான் பின்னாளில் மூன்று வருட வழக்கு. சம்மதத்தின் பேரில் வந்த தீர்ப்பின் மீது மேல்முறையீடு கிடையாது என்பதையும் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். பிள்ளையின் நிலைமை மாறினால் கஸ்டடியை மட்டும் மாற்றச் சொல்லிப் பிறகு மனு போடலாம்.

விவாகரத்து வழக்கு ஓடிக்கொண்டிருந்தால் அதிலேயே இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவில் இடைக்கால மனு போடலாம். விவாகரத்தே வேண்டாம், பிள்ளை மட்டும் வேண்டும் என்றால் 1890 சட்டத்தின் கீழ் ஜி.டபிள்யு.ஓ.பி. எனப்படும் தனி மனு; 12-ஆவது பிரிவில் இடைக்காலக் கஸ்டடியும் கேட்கலாம். இந்த மனுவைப் பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். சண்டை முற்றியதும் பிள்ளையைத் திருநெல்வேலிக்குத் தூக்கிப்போய் அங்கே மனு போட்டால், எல்லை வரம்பு பற்றிய வாதத்திலேயே மாதங்கள் போகும். தூக்கிப்போனது நடத்தைக் குறைவாகவும் பதிவாகும்.

வீட்டில் அடி உதை இருந்த பெண்ணுக்கு மாஜிஸ்திரேட்டிடம் குடும்ப வன்முறைச் சட்ட மனுவிலேயே தற்காலிகக் கஸ்டடி கேட்கும் வழி இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ, ஆட்கொணர்வு மனு என்பது பிள்ளை சட்டவிரோதமாகப் பிடித்து வைக்கப்பட்டிருக்கும்போது மட்டும். ‘வேகமாக முடியும்’ என்று கேள்விப்பட்டு எல்லாக் கஸ்டடிச் சண்டையையும் அங்கே கொண்டுபோனால், விரிவான விசாரணைக்குக் குடும்ப நல நீதிமன்றம் போங்கள் என்று அனுப்பிவிடுவார்கள்.

எந்த வழியில் போனாலும் நீதிபதி சமரசத்துக்கு அனுப்பிப் பார்ப்பார். குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு அதைக் கடமையாகவே வைத்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 முதல் சமரச மையம் இயங்குகிறது. வெறும் சடங்கு என்று நினைத்துக் கையை வீசிக்கொண்டு போகாமல், இரண்டு வார அட்டவணையைத் தாளில் வரைந்து எடுத்துப் போங்கள். தாளில் இருப்பதைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். வக்கீல் செலவுக்கு வழியில்லாத பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும்.

எழுதப்பட வேண்டியவை, உடைகிற இடங்கள்

கிழமை, மணி, இடம், யார் வண்டி: நான்கும் இருக்க வேண்டும். தாமதத்துக்கு 30 நிமிடச் சலுகை. அதற்கு மேல் என்றால் அந்தச் சந்திப்பு போனது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று தவறிய நாளுக்கு, அடுத்த இரண்டு வாரத்துக்குள் ஈட்டு நாள். ‘காய்ச்சல்’ என்று மூன்று முறை தொடர்ந்து சொன்னால் மருத்துவர் சீட்டு. பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதத்துக்குத் தனி அட்டவணை.

பண்டிகைக்கு ஒற்றைப்படை, இரட்டைப்படை வருடம் என்று பிரிப்பதே எளிது: ஒற்றைப்படை வருடத்தில் தீபாவளி அம்மாவிடம், பொங்கல் அப்பாவிடம், அடுத்த வருடம் மாற்றி. ரம்ஜான், கிறிஸ்துமஸுக்கும் இதே கணக்கு. குலதெய்வக் கோயில் திருவிழா தேதியைக் கடைசி நிமிடத்தில் சொல்வதால் வரும் சண்டைகள் ஏராளம். 30 நாள் முன்னறிவிப்பு என்று எழுதுங்கள். காது குத்து தாய்மாமன் மடியில் நடக்க வேண்டும், மொட்டை அப்பா வழிக் கோயிலில் போட வேண்டும் என்பதெல்லாம் வக்கீல் வரைவில் வராது. இதில் ஒன்று ஒருவருக்குத் தெரியாமல் நடந்துவிட்டால் அதைச் சாக்காக வைத்து அட்டவணையே நின்றுபோகும். மகளின் மஞ்சள் நீராட்டை எந்த வீடு செய்வது, செய்வதா வேண்டாமா என்பதைப் பிள்ளைக்கு எட்டு வயதாக இருக்கும்போதே பேசி முடிப்பது நல்லது.

பணத்தையும் சந்திப்பையும் முடிச்சுப் போடாதீர்கள். ‘பணம் வரவில்லை, பிள்ளையை அனுப்ப மாட்டேன்’, ‘பிள்ளையைக் காட்டவில்லை, பணம் தர மாட்டேன்’ இரண்டுமே நீதிமன்றத்தில் சொல்பவரைக் கெட்டவராக்கும். பாக்கிக்குத் தனி வழி இருக்கிறது: பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125) வந்த ஜீவனாம்ச உத்தரவு என்றால், தொகை நிலுவையான நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் வசூல் மனு போட வேண்டும். அதைத் தவறவிட்டு மூன்று வருட பாக்கியைச் சேர்த்துக் கேட்டால் பழையது போய்விடும். 2020-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி இருவரும் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து. பேரம் பேசிப் பிள்ளையின் ஜீவனாம்சத்தைத் தாய் விட்டுக்கொடுத்து எழுதினாலும் அது பிள்ளையின் உரிமையைக் கட்டுப்படுத்தாது. மாதத் தொகையோடு பள்ளிக் கட்டணத்தை நேராகப் பள்ளிக்குக் கட்டுவது, வருடத்துக்கு இத்தனை சதவீத உயர்வு, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் யார் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

ஊர் மாற்றத்துக்கு 60 நாள் எழுத்துமூல முன்னறிவிப்பு. வெளிநாடு என்றால் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் குழந்தைக் கடத்தல் பற்றிய 1980-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா இல்லை. இங்கிருந்து போன பிள்ளையையோ, அங்கிருந்து வந்த பிள்ளையையோ அந்த உடன்படிக்கையின் வழியாகத் திரும்பக் கேட்க முடியாது. பிள்ளையின் பாஸ்போர்ட் யார் கையில், புதுப்பிக்கும்போது இணைப்பு-டி படிவத்தில் இருவரும் கையெழுத்திடுவார்களா, ஒருவர் மறுத்தால் மற்றவர் மட்டும் கையெழுத்திடும் இணைப்பு-சி வழியா என்பதைப் பயணம் வரும் முன்பே முடிவு செய்யுங்கள். வேலை நிமித்தம் தாய் பிள்ளையை வெளிநாடு அழைத்துப் போக உச்ச நீதிமன்றம் அனுமதித்த வழக்குகள் உண்டு. 2010-இல் ஆஸ்திரேலியாவுக்கு அனுமதித்த வழக்கில், கஸ்டடி ஏற்கெனவே பரஸ்பர சம்மதத்தில் எழுதப்பட்டதுதான். நிலைமை மாறியதால் திருத்தினார்கள்.

கஸ்டடி உத்தரவு எதுவும் கல்வெட்டு அல்ல என்பதை 1973-லேயே, சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே மறுபார்வைத் தேதிகளை நீங்களே எழுதிவிடலாம்: பிள்ளைக்கு 5 முடியும்போது, ஆறாம் வகுப்பில் சேரும்போது, பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும்போது, இருவரில் ஒருவர் மறுமணம் செய்யும்போது. அந்தத் தேதிகளில் முதலில் சமரச மையம், 45 நாளில் முடியாவிட்டால் மட்டும் மனு என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.